பூச்சி மாத்திரை: பள்ளியிலேயே போடட்டுமா, வீட்டில் கொடுத்துக்கொள்ளலாமா?

பிப்ரவரி, ஆகஸ்ட் மாதங்களில், பள்ளியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பூச்சி மாத்திரை கொடுக்கும் பத்தாம் தேதி நெருங்கினால் பள்ளி வாசலில் என்னை நிறுத்திக் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "டீச்சர், பூச்சி மாத்திரை இங்கயே போட்டுரட்டுமா, இல்ல நாங்களே வாங்கிக் குடுத்துக்கவா?" போன ஆகஸ்டில் ஒரு அப்பா லேப் ரிப்போர்ட்டையே மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். "பூச்சி இல்லன்னு வந்திருக்கு. அப்புறம் எதுக்கு மாத்திரை?" அவர் பின்னாலேயே ஒரு பாட்டி: "நான் போன வாரந்தான் வெளக்கெண்ண குடுத்து வயித்தக் கழுவி உட்டேன். மறுக்கா எதையும் குடுத்துறாதீங்க."

எங்கள் நடுநிலைப் பள்ளியில் மாத்திரை கொடுக்கும் பொறுப்பு சில வருடமாக என்னிடம்தான் இருக்கிறது. நான் மருத்துவர் இல்லை, அறிவியல் ஆசிரியை. பயிற்சியில் சொன்னது, தேடிப் படித்தது, வகுப்பறையில் கண்ணால் பார்த்தது மூன்றையும் வைத்து இதை எழுதுகிறேன். வாசலில் நின்று இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கக்கூடிய பதில் இல்லை இது.

முதலில் எந்தப் பூச்சி?

எல்லாவற்றையும் "வயித்துல பூச்சி" என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். உள்ளே இருப்பது வேறு வேறு ஆள்.

உருளைப்புழு என்பது நாம் நாக்குப்பூச்சி என்கிறோமே, அது. ஒரு சாண் நீளத்துக்கு மேலும் வளரும். பெண் புழு ஒரு நாளைக்கு இரண்டு லட்சம் முட்டை வரை போடும். சாட்டைப்புழு சிறியது, பெருங்குடல் சுவரில் தலையைச் செருகிக்கொண்டு கிடக்கும். கொக்கிப்புழு குடலில் பல்லைப் பதித்து ரத்தம் குடிக்கும். இதன் இளம்புழு மண்ணிலிருந்து வெறுங்கால் தோல் வழியாகவே உள்ளே வந்துவிடும். இந்த மூன்றுக்கும்தான் அரசு மாத்திரை கொடுக்கிறது. நான்காவது கீரிப்பூச்சி. ராத்திரி ஆசனவாயில் நமைச்சல் கொடுத்துத் தூங்கவிடாமல் அடிக்கும் வெள்ளை நூல் போன்றது. அதன் கதை வேறு, பின்னால் வருகிறேன்.

முதல் மூன்றும் வயிற்றுக்குள் குட்டி போட்டுப் பெருகுவதில்லை. முட்டை வெளியே போய், மண்ணில் சில நாளோ சில வாரமோ கிடந்து முதிர்ந்த பிறகுதான் மறுபடி ஆளைப் பிடிக்கும். பத்துப் புழு இருந்தால் பத்தும் தனித்தனியாக வெளியிலிருந்து வந்தவை. ஆகவே மிட்டாய் தின்றால் பூச்சி வைக்கும் என்பது கிடையாது. மிட்டாய் தின்னும் கையில் மண் இருந்தால் உண்டு. தூக்கத்தில் பல்லைக் கடிப்பதற்கும் பூச்சிக்கும் சம்பந்தம் இருப்பதாக நிரூபணம் எதுவும் இல்லை. அதை வைத்து மாத்திரை வாங்க ஓட வேண்டாம்.

எதை வைத்து ஒப்பிடுவது?

நான் ஐந்து கேள்வி வைத்துக்கொள்கிறேன். எந்தப் புழுவை எவ்வளவு கொல்லும்? எவ்வளவு நாள் தாங்கும்? காசு எவ்வளவு, கண்ணுக்குத் தெரியாத செலவு எவ்வளவு? எங்கே தப்பு நடக்கும்? கடைசியாக, என் பிள்ளையைத் தாண்டி மற்றப் பிள்ளைகளுக்கு ஏதாவது கிடைக்குமா? பெற்றோர் பொதுவாக முதல் மூன்றோடு நின்றுவிடுகிறார்கள். ஐந்தாவதைச் சேர்த்துப் பார்த்தால்தான் பள்ளியில் ஏன் மொத்தமாகக் கொடுக்கிறார்கள் என்பதே புரியும்.

| வழி | எதற்கு நல்லது | எதற்குப் போதாது | கைக்காசு | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| பள்ளி மாத்திரை | உருளைப்புழு, கொக்கிப்புழு | சாட்டைப்புழு, கீரிப்பூச்சி | இல்லை | அன்று வராத பிள்ளை விட்டுப்போவது |
| கடையில் வாங்குவது | பள்ளியில் விட்டுப்போனவர்கள், கீரிப்பூச்சி | காரணம் தெரியாத நோய் | குறைவு | தவறான மருந்து, மறந்துபோகும் இரண்டாம் தடவை |
| மலப் பரிசோதனை | ரத்தசோகை, தீராத வயிற்றுவலி | லேசான தொற்று, கீரிப்பூச்சி | மாத்திரையைப் போலப் பல மடங்கு | அலைச்சல், "இல்லை" என்ற முடிவை நம்புவது |
| நாட்டு மருந்து | மனத் திருப்தி | உறுதியாகப் புழு இருக்கும்போது | குறைவு | பேதி, காலதாமதம் |
| செருப்பு, சோப்பு, கழிப்பறை | திரும்ப வராமல் இருக்க | ஏற்கெனவே உள்ளே இருப்பது | அதிகம் | ஊரே சேர வேண்டியது |

1. பள்ளியில் கொடுக்கும் மாத்திரை

மாத்திரையின் பெயர் அல்பெண்டசோல், 400 மில்லிகிராம். இரண்டு வயதுக்கு மேல் ஒரு முழு மாத்திரை, ஒன்று முதல் இரண்டு வயதுக்குள் பாதி. இந்தியாவில் தேசிய குடற்புழு நீக்க நாள் 2015இல் தொடங்கியபோது முதல் கட்ட மாநிலங்களிலேயே தமிழ்நாடும் இருந்தது. 1 வயது முதல் 19 வயது வரை, பள்ளியிலும் அங்கன்வாடியிலும் கொடுக்கிறார்கள்.

எவ்வளவு கொல்லும்? ஒரு தடவை போட்டால் உருளைப்புழு உள்ளவர்களில் நூற்றுக்கு 95 பேர் அளவில் குணமாகிறார்கள். கொக்கிப்புழுவில் 80 பேர் அளவில். சாட்டைப்புழுவில் 30 பேர்தான். மெபெண்டசோல் என்ற இன்னொரு மாத்திரை சாட்டைப்புழுவுக்குக் கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் கொக்கிப்புழுவில் மிக மோசம். நம் பக்கம் கொக்கிப்புழுதான் பெரிய தொல்லை என்பதால் அல்பெண்டசோல் நமக்குச் சரியான தேர்வு.

எவ்வளவு நாள் தாங்கும்? இங்கேதான் ஏமாற்றம். பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், மாத்திரை கொடுத்த ஆறு மாதத்தில் உருளைப்புழுத் தொற்று பழைய அளவில் மூன்றில் இரண்டு பங்குக்குத் திரும்பிவிடுகிறது. ஒரு வருடத்தில் கிட்டத்தட்ட முழுசாகவே. கொக்கிப்புழு கொஞ்சம் மெதுவாக, வருடக் கடைசியில் பாதியைத் தாண்டி. மருந்து தோற்றுவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை, மண் மாறவில்லை. வருடத்துக்கு இரண்டு தடவை கொடுப்பதன் காரணமும் இதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், 20 சதவீதத்துக்கு மேல் தொற்று இருக்கும் இடத்தில் வருடம் ஒரு தடவை, 50 சதவீதத்தைத் தாண்டினால் இரண்டு தடவை.

சரி, இதைப் போட்டால் பிள்ளை வளருமா, நன்றாகப் படிக்குமா? இந்தக் கேள்விக்கு உலகமே அடித்துக்கொண்டிருக்கிறது. கென்யாவின் புசியா பகுதியில் 1998இல் தொடங்கி 75 பள்ளிகளில் செய்த ஆய்வு, மாத்திரை கொடுத்த பள்ளிகளில் விடுப்பு நான்கில் ஒரு பங்கு குறைந்தது என்றது. அதைச் செய்த இருவரில் ஒருவரான மைக்கேல் கிரெமருக்கு 2019இல், வறுமை ஒழிப்பு ஆய்வுகளுக்காகப் பொருளாதார நோபலும் கிடைத்தது. 2015இல் லண்டன் ஆய்வாளர்கள் அதே தரவை மறுபடி எடுத்துப் பார்த்துக் கணக்குப் பிழைகளைச் சொன்னார்கள். சில முடிவுகள் வலுவிழந்தன. 2021இல் அதே பிள்ளைகளை இருபது வருடம் கழித்துத் தேடிப் பிடித்துப் பார்த்தபோது, மணிக் கூலி 13 சதவீதம் கூடுதலாக இருந்தது என்று இன்னொரு முடிவு. இந்தப் பக்கம் உத்தரப் பிரதேசத்தில் பள்ளி வயதுக்கு முந்தைய சுமார் பத்து லட்சம் குழந்தைகளை ஐந்து வருடம் பின்தொடர்ந்த ஆய்வு 2013இல் வந்தது. அதில் எடையிலும் இறப்பிலும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. எல்லா ஆய்வுகளையும் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பும், மொத்தமாகக் கொடுப்பதால் சராசரி எடை, ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு, படிப்பு ஆகியவற்றில் பெரிய மாற்றம் தெரியவில்லை என்றே சொல்கிறது.

எனக்கு இதில் முரண் ஒன்றும் தெரியவில்லை. புசியாவில் பத்தில் ஒன்பது பிள்ளைகளுக்கு மேல் ஏதோ ஒரு புழு இருந்தது. புழு அதிகம் இருக்கும் இடத்தில் பலன் தெரிகிறது, லேசாக இருக்கும் இடத்தில் சராசரியில் கரைந்துவிடுகிறது. அந்தச் சராசரிக்குள் ஒளிந்திருக்கும் ஒரு விஷயம் உண்டு: ஒரு ஊரில் உள்ள புழுவில் பெரும்பகுதி ஒரு சில பிள்ளைகளின் வயிற்றில்தான் இருக்கும். மற்றவர்களுக்கு ஒன்றோ இரண்டோ, அல்லது இல்லை. அந்த ஒரு சிலரை முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. லேபுக்கும் மருந்துக்கடைக்கும் கூட்டிப்போக ஆள் இல்லாத வீட்டுப் பிள்ளைகளாக அவர்கள் இருப்பதுதான் வழக்கம். எல்லோருக்கும் கொடுத்தால் அவர்களுக்கும் போய்ச் சேரும். பள்ளி மாத்திரைக்கு நான் சொல்லும் முதல் நியாயம் இது. "பிள்ளை உயரமாகும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மறைந்த செலவு என்று பார்த்தால், முதலாவது வருகை. ஆட்டுக்குப் போனவன், அம்மாவோடு களையெடுக்கப் போனவள் அன்று வரமாட்டார்கள். பெரும்பாலும் அவர்களுக்குத்தான் மாத்திரை தேவை. விட்டுப்போனவர்களுக்கு ஒரு வாரத்தில் இன்னொரு நாள் வைக்கிறார்கள். அந்த நாளைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன். இரண்டாவது, கன்னத்தில் ஒதுக்குவது. என் வகுப்பில் ஒருத்தி மென்றதாகத் தலையாட்டிவிட்டுப் போய் வேப்பமரத்தடியில் துப்பிவிட்டு வந்தாள். எறும்பு மொய்த்திருந்ததைப் பார்த்துத்தான் தெரிந்தது. அன்றிலிருந்து வாயைத் திறந்து காட்டச் சொல்லிவிட்டுத்தான் பதிவேட்டில் டிக் போடுகிறேன்.

பயம் வேண்டாமா? வாந்தி, லேசான வயிற்றுவலி, தலைவலி சில பிள்ளைகளுக்கு வரும். புழு அதிகம் உள்ளவர்களுக்குக் கூடுதலாக வரும். ஓய்வெடுத்தால் சரியாகிவிடும். உண்மையான ஆபத்து புரையேறுவது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கலந்துதான் கொடுக்க வேண்டும். அழும் குழந்தையின் மூக்கைப் பிடித்து வாயில் திணிப்பதை அங்கன்வாடிகளில் இன்னும் பார்க்கிறேன், அதைச் செய்யவே கூடாது. காய்ச்சலில் இருக்கும் பிள்ளைக்கு அன்று வேண்டாம். வலிப்பு வரும் பிள்ளை என்றால் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். மூளையில் நாடாப்புழுக் கட்டி இருந்தால் இந்த மருந்து வலிப்பைத் தூண்டக்கூடும்.

2. நாமே கடையில் வாங்கிக் கொடுப்பது

அதே மருந்து, விலையும் அதிகமில்லை. பள்ளியில் விட்டுப்போயிருந்தால் வாங்கிக் கொடுப்பதில் தவறே இல்லை. பள்ளியிலும் போட்டு வீட்டிலும் தெரியாமல் போட்டுவிட்டோம் என்று பதறி ஓடி வருகிறவர்கள் உண்டு. வேறு நோய்களுக்கு இதே மருந்தை நாள்கணக்கில் கொடுக்கிறார்கள், ஒரு மாத்திரை கூடிப்போனதால் குடி முழுகிவிடாது. ஆனால் அதனால் பலனும் இல்லை.

கடையில் கவனிக்க வேண்டியது வேறு. "பூச்சி மாத்திரை" என்று கேட்டால் அல்பெண்டசோலோடு ஐவர்மெக்டின் சேர்ந்த மாத்திரையை எடுத்து நீட்டும் கடைகள் உண்டு. சாட்டைப்புழுவுக்கு அந்தக் கூட்டு நன்றாக வேலை செய்கிறது, மறுக்கவில்லை. ஆனால் 15 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கு ஐவர்மெக்டின் பொதுவாகக் கொடுப்பதில்லை. அட்டையைத் திருப்பிப் படியுங்கள். இன்னொன்று, ஆடு மாடு வைத்திருக்கும் வீட்டில் கால்நடைக்கான பூச்சி மருந்து பாட்டிலும் இருக்கும், பெயரும் ஒன்றாகவே இருக்கும். அதை அளந்து பிள்ளைக்கு ஊற்றுகிற வேலை கூடவே கூடாது.

கடையில் வாங்குவதுதான் சரி என்று நான் சொல்வது கீரிப்பூச்சிக்கு மட்டும். பள்ளியில் போடும் ஒரு மாத்திரை வளர்ந்த பூச்சியைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. இரண்டு வாரம் கழித்து மறுபடி போட வேண்டும். பிள்ளைக்கு மட்டும் போட்டும் பலனில்லை, வீட்டில் எல்லோருக்கும் ஒரே நாளில். முட்டை நகக்கண்ணிலும் போர்வையிலும் இருக்கும். நகத்தை ஒட்ட வெட்டி, அன்றைக்கே படுக்கை விரிப்பை வெந்நீரில் அலசினால்தான் தீரும். அம்மா கர்ப்பமாக இருந்தால் அவருக்கு மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டு. "பள்ளியில போட்டீங்களே, அப்பவும் ராத்திரி அழுவுறாளே" என்று என்னிடம் சண்டைக்கு வந்த அம்மாவுக்குச் சொன்ன பதில் இவ்வளவுதான். அவர் குற்றச்சாட்டில் நியாயம் இருந்தது. இதை நாங்கள் முன்கூட்டியே யாரிடமும் சொல்வதில்லை.

3. மலப் பரிசோதனை செய்துவிட்டு முடிவெடுப்பது

கேட்க அறிவியல்பூர்வமாகத்தான் இருக்கிறது. ஜப்பானும் தென்கொரியாவும் இந்த வழியில்தான் ஜெயித்தன. கொரியாவில் 1969 முதல் 1995 வரை பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் வருடம் இரண்டு தடவை மல மாதிரி கொடுத்தார்கள், புழு இருந்தவர்களுக்கு மருந்து. அதற்குப் பின்னால் ஊர் ஊராக நுண்ணோக்கியும் ஆட்களும் இருந்தார்கள். கூடவே நாடும் வசதியானது, கழிப்பறை வந்தது.

நம் ஊர் லேபில் நடப்பது ஒரே ஒரு மாதிரி, கண்ணாடியில் தடவி ஒரு பார்வை. புழு கொஞ்சமாக இருந்தால் அதில் தப்பிவிடும். மாதிரி மணிக்கணக்கில் கிடந்தால் கொக்கிப்புழு முட்டை பொரிந்து அடையாளம் தெரியாமல் போகும். கீரிப்பூச்சியோ மலத்தில் அநேகமாகத் தெரியவே தெரியாது. அதற்குக் காலையில் குளிப்பதற்கு முன் ஆசனவாயில் செல்லோடேப் ஒட்டி எடுத்துப் பார்க்க வேண்டும். ரிப்போர்ட் கொண்டுவந்த அப்பாவிடம் இதைச் சொன்னேன். "அப்ப இருக்குன்னு வந்தா நம்பலாம், இல்லன்னு வந்தா நம்பக் கூடாதா?" என்றார். கிட்டத்தட்ட அப்படித்தான்.

பரிசோதனை நிச்சயம் வேண்டிய பிள்ளைகள் உண்டு. முகம் வெளுத்து, படியேறினால் மூச்சு வாங்குகிற பிள்ளை. மலத்தில் ரத்தமோ சளியோ போகிற பிள்ளை. மாத்திரை போட்டும் மாதக்கணக்கில் வயிற்றுவலி தீராத பிள்ளை. இவர்களுக்கு ஒரு மாத்திரையைப் போட்டுவிட்டு "முடிஞ்சது" என்று இருந்துவிடக் கூடாது. அமீபா, ஜியார்டியா போன்ற குடல் கிருமிகளை ஒரு வேளை அல்பெண்டசோல் தீர்க்காது. ரத்தசோகை இருந்தால் புழுவைக் கொன்றால் மட்டும் போதாது, இரும்புச்சத்து மாத்திரையும் சேர்த்துத்தான் ரத்தம் ஏறும்.

4. நாட்டு மருந்து

வேப்பங்கொழுந்து, பாகற்காய்ச் சாறு, வாய்விளங்கம், பப்பாளி விதை. நானும் குடித்து வளர்ந்தவள்தான். பப்பாளி விதைத் தூளைத் தேனில் கலந்து நைஜீரியாவில் 60 குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஒரு சிறு ஆய்வு 2007இல் நல்ல பலன் சொன்னது. அறுபது பேர் என்பது ஒரு வகுப்பறை. அதை வைத்து அளவும் வயதும் சொல்லிவிட முடியாது. பாகற்காய் பொரியல் சாப்பிடட்டும், நல்லது. புழு இருப்பது உறுதியான பிறகு அதை மட்டும் நம்ப வேண்டாம்.

விளக்கெண்ணெய் புழுவைக் கொல்லாது, பேதியாகும், அவ்வளவுதான். அந்தக் காலத்தில் கடுமையான பூச்சி மருந்தைக் கொடுத்துவிட்டு அது உடம்பில் தங்காமல் இருக்கப் பேதிக்கும் கொடுத்தார்கள். நாளடைவில் மருந்து போய்விட்டது, பேதி மட்டும் மிச்சம். மெலிந்த குழந்தைக்கு அது நீர்வற்றலில் கொண்டுபோய் விடும். பாட்டியிடம் இதைச் சொன்னபோது ஒத்துக்கொள்ளவில்லை. பேரனுக்கு மாத்திரை போட மட்டும் விட்டுவிட்டார்.

5. செருப்பு, சோப்பு, கழிப்பறை

நீண்ட நாளைக்கு இதுதான் பதில் என்று எல்லோரும் சொல்வோம். ஆனால் கழிப்பறை கட்டினால் மட்டும் புழு போய்விடாது. ஒடிசாவின் பூரி மாவட்டத்தில் 100 கிராமங்களில் நடந்த ஆய்வில், கழிப்பறை உள்ள வீடுகள் 9 சதவீதத்திலிருந்து 63 சதவீதமாயின. புழுத் தொற்று குறையவில்லை. கட்டியதை எல்லோரும் பயன்படுத்தவில்லை, பயன்படுத்தாதவர்களின் மலம் மண்ணிலேயே கிடந்தது. மறுபக்கம், மருந்து மட்டும் போதும் என்று நினைத்த கதையும் பழையது. 1916இல் இலங்கைத் தோட்டங்களில், நம் மக்கள் கூலிகளாக இருந்த லயங்களில் (வரிசை வீடுகளில்), அமெரிக்காவின் ராக்பெல்லர் அறக்கட்டளை கொக்கிப்புழு மருந்து கொடுக்கத் தொடங்கியது. கழிப்பறை போதாத லயங்களில், மருந்து குடித்தவர்கள் அதே மண்ணில் நடந்து திரும்பவும் புழுவை வாங்கிக்கொண்டார்கள்.

கொக்கிப்புழு பெரியவர்களிடம்தான் அதிகம் தங்குகிறது. பிள்ளைக்கு மட்டும் கொடுத்தால் அப்பாவும் தாத்தாவும் மண்ணுக்கு முட்டை அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். ஊர் முழுக்கக் கொடுத்தால் தொற்றுச் சங்கிலியையே அறுக்க முடியுமா என்று திருவண்ணாமலை, வேலூர் பக்கம், ஜவ்வாது மலையையும் சேர்த்து, பெனின், மலாவி நாடுகளோடு ஒரு பெரிய ஆய்வு நடந்தது. தமிழ்நாட்டில் இப்போது 20 முதல் 30 வயதுப் பெண்களுக்கும், கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் தவிர, மாத்திரை கொடுக்கிறார்கள். ஆண்களுக்கு இல்லை. வயலுக்கு வெறுங்காலோடு போவது அவர்கள்தானே என்று எனக்குத் தோன்றும்.

இன்னொரு கவலையும் உண்டு. ஆடு வளர்ப்பவர்களுக்குத் தெரியும், ஒரே பூச்சி மருந்தை வருடக்கணக்கில் ஊற்றினால் ஒரு கட்டத்தில் கேட்காது, மருந்தை மாற்றச் சொல்வார் கால்நடை மருத்துவர். மனிதப் புழுவில் அந்த நிலை இன்னும் வரவில்லை. வந்தால் மாற்றிக்கொள்ள நம் கையில் மருந்து அதிகம் இல்லை.

யாருக்கு எது?

அறிகுறி எதுவும் இல்லாத பிள்ளையா? பள்ளியில் போட விடுங்கள், பரிசோதனைக்குக் காசு செலவழிக்காதீர்கள். நகரத்தில் மாடி வீட்டில், செருப்பில்லாமல் மண்ணையே மிதிக்காத பிள்ளை என்றால் புழு இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. போட்டாலும் நஷ்டமில்லை, ஒரு தடவை விட்டுப்போனாலும் கவலை வேண்டாம். கிராமத்தில், மலையடிவாரத்தில், செங்கல் சூளைப் பக்கம் என்றால் இரண்டு தடவையும் தவற விடாதீர்கள். ராத்திரி நமைச்சல் என்றால் குடும்பத்தோடு இரண்டு தடவை, கடையில் வாங்கி. வெளுத்துப்போன பிள்ளை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ரத்தமும் மலமும் பாருங்கள், பத்தாம் தேதி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பள்ளிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று கேட்கும் ஊர்க்காரர்களிடம் நான் மாத்திரை கேட்பதில்லை, அது அரசிடமிருந்து வந்துவிடுகிறது. குழாயடிக்குத் தினமும் சோப்பு கேட்கிறேன். மாதம் பதினைந்து கட்டி ஆகிறது.

போன ஆகஸ்டில் பத்தாம் தேதி வராதவர்கள் எங்கள் பள்ளியில் ஏழு பேர். அடுத்த வாரம் ஆறு பேர் வந்தார்கள். ஏழாவது பையன் குளத்துக்கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தான், மாத்திரையை எடுத்துக்கொண்டு நானே போனேன். மென்றான், முகத்தைச் சுளித்தான், கேட்காமலேயே வாயைத் திறந்து காட்டினான். கீழே பார்த்தேன். காலில் செருப்பு இல்லை, இரண்டு செருப்பும் கையில் இருந்தது. "சேத்துல அறுந்துரும் டீச்சர்" என்றான்.